நரேன் கார்த்திகேயன்: ஃபார்முலா 1 களத்தில் இந்தியாவின் முதல் ஓட்டுநர் கடந்து வந்த பாதை

கோயம்புத்தூரில் இருந்து ஃபார்முலா 1 வரை சென்ற நரேன் கார்த்திகேயனின் பந்தய வாழ்க்கை குறித்தும், அவருக்குப் பின் அந்த இடம் இன்று வரை நிரப்பப்படாததற்கான காரணங்கள் குறித்தும் இத்தொகுப்பு விளக்குகிறது.

ஹைதராபாத்: 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் தேதி, ஹைதராபாத்தின் ஹுசைன் சாகர் ஏரிக்கரையில் மின்சாரக் கார்களுக்கான ஃபார்முலா இ உலக சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்று நடைபெற்றது. லும்பினி பூங்கா, என்.டி.ஆர். மார்க், தலைமைச் செயலகம் ஆகியவற்றை ஒட்டிய நகரச் சாலைகளே 2.835 கிலோ மீட்டர் நீளப் பந்தயத் தடமாக மாற்றப்பட்டிருந்தன. பிரான்ஸ் வீரர் ழான் எரிக் வெர்ன் முதலிடம் பிடித்தார். 2013ஆம் ஆண்டு நொய்டாவில் நடந்த கடைசி ஃபார்முலா 1 பந்தயத்திற்குப் பின், உலக அளவிலான ஒற்றை இருக்கை கார் பந்தயம் ஒன்று இந்தியாவுக்குத் திரும்பியது அதுவே முதல் முறை.

நகரம் இந்திய நகரம். களத்தில் நின்ற அணிகளுள் ஒன்றான மஹிந்திரா இந்திய அணி. திரண்டிருந்த பார்வையாளர்களும் பெரும்பாலும் இந்தியர்களே. ஆயினும், தொடக்கக் கோட்டில் நின்ற கார்களில் ஒன்றையேனும் ஓட்ட இந்தியர் எவரும் இல்லை. மும்பையைச் சேர்ந்த ஜெஹான் தாருவாலா அப்பருவத்தில் மஹிந்திரா அணியின் மாற்று ஓட்டுநராக மட்டுமே இருந்தார்.

உலகத் தரத்திலான பந்தயத்தில் ஓர் இந்தியர் காரில் அமர்வது ஏன் இத்தனை அரிதாக இருக்கிறது என்ற கேள்விக்கு, அந்த இடத்தை முதன்முதலில் எட்டிய ஒருவரின் வாழ்க்கையே தெளிவான விடையைத் தருகிறது. அவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன்.

கோவையில் தொடங்கிய பயணம்: 1977ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி பிறந்த நரேன் கார்த்திகேயன், கோவை ஸ்டேன்ஸ் பள்ளியில் பயின்றவர். அவரது தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியன் பட்டம் பெற்றவர். தென்னிந்திய ராலியைப் பல முறை வென்றவர். வீட்டிலேயே பந்தயச் சூழல் நிலவியதால், மகனுக்குக் கார் பந்தயம் அயலான துறையாக இருக்கவில்லை.

அக்காலத்தில் தமிழ்நாடுதான் இந்தியக் கார் பந்தயத்தின் தலைமையிடமாக விளங்கியது. சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடைபெற்று வந்தன. பின்னர், 1990ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நிரந்தரத் தடத்தை அமைத்தது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், மாருதி காரின் இன்ஜினைக் கொண்டு குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்ற அந்தக் கார்களே ஒரு தலைமுறை இந்திய ஓட்டுநர்களுக்கு முதல் பள்ளியாக அமைந்தன. 1995ஆம் ஆண்டு விமான விபத்தில் உயிரிழந்த கரிவர்தனின் நினைவாகவே, கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' எனப் பெயர் பெற்றது.

நரேனும் அந்த ஃபார்முலா மாருதி காரில்தான் தொடங்கினார். ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டிய முதல் பந்தயத்திலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார்.

ஐரோப்பாவில் கற்ற பாடம்: 1992ஆம் ஆண்டு பிரான்ஸில் உள்ள எல்ஃப் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளியில் சேர்ந்த நரேன், அங்கு நடத்தப்பட்ட ஓட்டுநர் தேர்வுப் போட்டியில் அரையிறுதி வரை முன்னேறினார். அடுத்த ஆண்டு இந்தியாவில் ஃபார்முலா மாருதியிலும், பிரிட்டனில் ஃபார்முலா வாக்ஸ்ஹால் ஜூனியர் தொடரிலும் பங்கேற்றார். 1994ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். ஐரோப்பாவில் கார் பந்தயப் பட்டம் ஒன்றை வென்ற முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. 1996ஆம் ஆண்டு ஃபார்முலா ஆசியா பட்டமும் அவர் வசமானது.

ஐரோப்பியச் சிறுவர்கள் எட்டு வயதளவிலேயே கோ-கார்ட் எனப்படும் சிறிய பந்தய வண்டிகளில் பழகத் தொடங்கிவிடுகின்றனர். பதினைந்து வயதை எட்டுவதற்குள் நூற்றுக்கணக்கான பந்தயங்களை அவர்கள் முடித்திருப்பார்கள். அந்த வயதில்தான் நரேன் முறையான பயிற்சியையே தொடங்கினார். உள்நாட்டில் அவருக்கு முன் அப்பாதையில் சென்றவர் எவரும் இல்லாததால், எந்த அணியில் சேர்வது, எந்தத் தொடரில் எத்தனை ஆண்டுகள் ஓட்டுவது என்பன போன்ற முடிவுகளுக்கும் முன்மாதிரி இல்லை.

1998 முதல் 2000 வரை பிரிட்டிஷ் ஃபார்முலா 3 தொடரில் அவர் ஓட்டினார். ஃபார்முலா 1 அணிகள் தங்களுக்கான ஓட்டுநர்களைத் தேடும் முக்கியக் களங்களுள் அத்தொடரும் ஒன்றாக இருந்தது. முதல் பருவத்தில் கார்லின் அணிக்காக ஓட்டி 12ஆம் இடம் பெற்றவர், 1999ஆம் ஆண்டு பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்தில் இரண்டு வெற்றிகளுடன் 6ஆம் இடத்திற்கும், 2000ஆம் ஆண்டு ஒட்டுமொத்தத்தில் 4ஆம் இடத்திற்கும் முன்னேறினார். அதே ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் நடந்த சர்வதேச ஃபார்முலா 3 பந்தயத்திலும், கொரிய சூப்பர் பிரிக்ஸ் பந்தயத்திலும் வெற்றி பெற்றார்.

முதல் வாய்ப்பும் கைநழுவிய வாய்ப்பும்: 2001ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி, பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் தடத்தில் ஜாகுவார் அணியின் காரை நரேன் சோதனைக்காக ஓட்டினார். ஃபார்முலா 1 காரை ஓட்டிய முதல் இந்தியர் அவரே. அதே ஆண்டு ஜோர்டான் அணியும் அவரைச் சோதித்துப் பார்த்தது. ஆனால், நிரந்தர இடம் எதுவும் உடனே கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஜப்பானின் ஃபார்முலா நிப்பான் தொடரிலும், அடுத்த மூன்று ஆண்டுகள் ஐரோப்பாவின் உலகத் தொடர் பந்தயங்களிலும் அவர் ஓட்டினார். 2003ஆம் ஆண்டு இரண்டு வெற்றிகளுடன் அத்தொடரில் 4ஆம் இடம் பிடித்தார்.

அந்த ஆட்டத்திறன் மினார்டி அணியின் கவனத்தை ஈர்த்தது. 2004ஆம் ஆண்டு பருவத்தில் அந்த அணிக்காக ஓட்டும் வாய்ப்பு அவருக்கு வந்தது. எனினும், அதற்குத் தேவைப்பட்ட விளம்பரதாரர் நிதியைத் திரட்ட இயலாததால் அந்த இடம் கைநழுவியது.

பந்தய உலகிற்கு வெளியே இருப்போருக்கு இது வியப்பாகத் தோன்றலாம். கிரிக்கெட்டில் அணிக்குத் தேர்வாகும் வீரருக்கு வாரியம் ஊதியம் வழங்குகிறது. கார் பந்தயத்தின் கீழ்நிலைகளில் நடைமுறை இதற்கு நேர்மாறானது. காரைப் பராமரிப்பது, டயர், எரிபொருள், பொறியாளர்கள், பயணம் என ஒரு பருவத்திற்கு ஆகும் பல கோடி ரூபாய் செலவை ஓட்டுநரே விளம்பரதாரர்கள் மூலம் கொண்டுவர வேண்டும். ஃபார்முலா 1 தொடரிலும், பட்டியலின் கடைசியில் இருந்த சிறிய அணிகள் ஓட்டுநரின் வேகத்தோடு அவர் கொண்டுவரும் நிதியையும் கணக்கில் எடுத்துக்கொண்டன. தொலைக்காட்சியில் பந்தயத்தைப் பார்ப்போர் மிகக் குறைவாக இருந்த அன்றைய இந்தியாவில், அத்தகைய நிதியைத் திரட்டுவது ஓட்டுவதைவிடக் கடினமான பணியாக இருந்தது.

2005 - ஃபார்முலா 1 தொடரில் இந்தியர்: 2005ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி, ஜோர்டான் அணியில் நரேன் இடம்பெறுவது அறிவிக்கப்பட்டது. டாடா உள்ளிட்ட இந்திய நிறுவனங்களின் ஆதரவு அவருக்குத் துணை நின்றது. மார்ச் 6ஆம் தேதி மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய கிராண்ட் பிரிக்ஸில் அவர் களமிறங்கினார். தகுதிச் சுற்றில் 12ஆம் இடம் பிடித்த அவர், பந்தயத்தை 15ஆம் இடத்தில் முடித்தார். ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் என்று அன்று அவர் பெயர் பதிவானது.

அவர் சேர்ந்தபோது ஜோர்டான் அணி தனது பழைய வலிமையை இழந்திருந்தது. உரிமையாளர் மாறியிருந்த அந்த அணிக்கு, அப்பெயரில் அதுவே கடைசிப் பருவம். முன்னணி அணிகளுடன் போட்டியிடும் வேகம் அந்தக் காருக்கு இல்லை.

இண்டியானாபோலிஸில் கிடைத்த 5 புள்ளிகள்: 2005ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் தேதி, அமெரிக்காவின் புகழ்பெற்ற இண்டியானாபோலிஸ் தடத்தில் நடந்த பந்தயம் ஃபார்முலா 1 வரலாற்றிலேயே விசித்திரமான பந்தயங்களுள் ஒன்று. சரிவாக அமைந்த அதிவேகக் கடைசி வளைவில், பயிற்சியின்போது ரால்ஃப் ஷூமாக்கரின் காரில் டயர் பழுதாகி விபத்து நேர்ந்தது. அந்த வளைவில் தங்கள் டயர்கள் பந்தயம் முழுவதும் தாக்குப்பிடிக்கும் என உறுதியளிக்க இயலாது என்று மிஷலின் நிறுவனம் தெரிவித்தது. அந்த ஆண்டு விதிகளின்படி பந்தயத்தின் நடுவே வழக்கமாக டயர் மாற்றவும் அனுமதி இல்லை. வளைவில் வேகத்தைக் குறைக்கத் தடுப்பு அமைக்க வேண்டும் என்ற கோரிக்கையைச் சர்வதேசக் கூட்டமைப்பு ஏற்கவில்லை.

இதனால், அறிமுகச் சுற்று முடிந்ததும் மிஷலின் டயர் பொருத்திய 14 கார்களும் பந்தயத்தில் இருந்து விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பயன்படுத்திய ஃபெராரி, ஜோர்டான், மினார்டி அணிகளின் 6 கார்கள் மட்டுமே ஓடின. மைக்கேல் ஷூமாக்கர் முதலிடமும், ரூபன்ஸ் பாரிச்செல்லோ இரண்டாமிடமும், நரேனின் சக வீரரான டியாகோ மான்டெய்ரோ மூன்றாமிடமும் பெற்றனர். நான்காவதாக வந்த நரேனுக்கு 5 புள்ளிகள் கிடைத்தன. ஃபார்முலா 1 தொடரில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. அவரது ஃபார்முலா 1 வாழ்க்கையில் பெற்ற மொத்தப் புள்ளிகளும் அவையே.

எதிரணிகள் விலகியதால் கிடைத்த இடம் என்று அதைக் குறைத்து மதிப்பிடுவோர் உண்டு. ஆயினும், வேகம் குறைந்த காரைப் பிழையின்றி இறுதிவரை கொண்டுசேர்த்து, மினார்டி கார்கள் இரண்டையும் பின்னுக்குத் தள்ளியது ஓட்டுநரின் பணியே என்பதும் குறிப்பிடத்தக்கது.

மீண்டும் வெளியே: 2006ஆம் ஆண்டு நரேனுக்குப் பந்தய இடம் கிடைக்கவில்லை. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநராகப் பணியாற்றினார். நாடுகளின் பெயரில் அணிகள் மோதிய ஏ1 கிராண்ட் பிரிக்ஸ் தொடரில் இந்திய அணிக்காக ஓட்டிய அவர், 2007ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி சீனாவின் சுஹாயில் அந்த அணிக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தார். 2008ஆம் ஆண்டு மே மாதம் பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்திலும் வென்றார்.

2010ஆம் ஆண்டு அவர் எடுத்த முடிவு பலரும் எதிர்பாராதது. அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு நடத்தும் டிரக் பந்தயத் தொடரில் அவர் களமிறங்கினார். ஒற்றை இருக்கைக் கார்களில் பழகியவருக்கு, எடை மிகுந்த வண்டிகள் உரசிக்கொண்டு ஓடும் நீள்வட்டத் தடங்கள் முற்றிலும் புதிய களம். மார்ச் மாதம் மார்டின்ஸ்வில் தடத்தில் ஓட்டிய முதல் பந்தயத்தில் 13ஆம் இடம் பெற்றார். நாஸ்கார் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் என்ற சிறப்புடன், ரசிகர்களின் வாக்குகள் மூலம் அந்தத் தொடரின் மிகவும் பிரபலமான ஓட்டுநர் விருதும் அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிக் கௌரவித்தது.

சொந்த மண்ணில் ஒரு பந்தயம்: 2011ஆம் ஆண்டு ஸ்பெயினைச் சேர்ந்த ஹெச்ஆர்டி அணி மூலம் நரேன் மீண்டும் ஃபார்முலா 1 தொடருக்குத் திரும்பினார். அக்களத்தின் மிக மெதுவான கார்களுள் ஒன்று அவருக்கு வாய்த்தது. பருவத்தின் முதல் பந்தயத்தில், முதலிடக் காரின் நேரத்தில் 107 விழுக்காட்டிற்குள் ஓட்ட வேண்டும் என்ற தகுதி விதியை அந்த அணியின் இரு கார்களாலும் எட்ட முடியவில்லை. ஐரோப்பிய கிராண்ட் பிரிக்ஸில் 24 கார்களும் பந்தயத்தை நிறைவு செய்ய, நரேன் 24ஆம் இடம் பெற்றார்.

பருவத்தின் நடுவே அவரது இடம் ஆஸ்திரேலியாவின் இளம் வீரர் டேனியல் ரிக்கியார்டோவுக்கு வழங்கப்பட்டது. எனினும், அக்டோபர் 30ஆம் தேதி நொய்டா அருகே புத் சர்வதேசத் தடத்தில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரிக்ஸில் ஓட்டும் வாய்ப்பு நரேனுக்குக் கிடைத்தது. சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னிலையில் 17ஆம் இடம் பிடித்த அவர், அதே அணியின் மற்றொரு காரை ஓட்டிய ரிக்கியார்டோவை முந்தினார். அந்த ரிக்கியார்டோ பின்னாளில் ஃபார்முலா 1 தொடரில் 8 பந்தயங்களை வென்றவர் என்பது கவனிக்கத்தக்கது.

2012ஆம் ஆண்டு முழுப் பருவமும் ஹெச்ஆர்டி அணியில் ஓட்டினார். மழை கொட்டிய மலேசியப் பந்தயத்தில், கனமழைக்கான டயருடன் தொடங்கும் முடிவு பலனளித்து, பந்தயம் இடைநிறுத்தப்பட்டபோது அவர் 10ஆம் இடத்தில் இருந்தார். பந்தயம் மீண்டும் தொடங்கிய பின் ஜென்சன் பட்டனின் காருடனும், பின்னர் செபாஸ்டியன் வெட்டலின் காருடனும் உரசல் ஏற்பட்டது. வெட்டல் அவரைக் கடுமையாக விமர்சித்தார். நடுவர்கள் நரேனுக்கு நேரத் தண்டனை விதித்தனர். அவ்வாண்டின் இறுதியில் நிதி நெருக்கடியால் ஹெச்ஆர்டி அணி கலைந்தது. 46 பந்தயங்களுடன் நரேனின் ஃபார்முலா 1 வாழ்க்கை நிறைவுற்றது.

ஜப்பானில் நிறைவு: இளமையில் ஓட்டிய ஜப்பானுக்கே அவர் மீண்டும் சென்றார். ஃபார்முலா நிப்பான் தொடர் சூப்பர் ஃபார்முலா எனப் பெயர் மாறியிருந்தது. 2014 முதல் 2018 வரை ஐந்து பருவங்கள் அத்தொடரில் ஓட்டினார். 2019ஆம் ஆண்டு சூப்பர் ஜிடி தொடருக்கு மாறிய அவர், நவம்பர் 24ஆம் தேதி ஃபுஜி தடத்தில் ஜப்பானிய, ஜெர்மானியத் தொடர்களின் கார்கள் இணைந்து மோதிய சிறப்புப் பந்தயத்தில் முதலிடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 42. 2021ஆம் ஆண்டு அர்ஜுன் மைனி, நவீன் ராவ் ஆகியோருடன் முழுவதும் இந்தியர்களைக் கொண்ட அணியாக ஆசிய லெ மான் தொடரில் பங்கேற்றார். கோவையில் இளம் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பணியிலும், பழைய இருசக்கர வாகன விற்பனைத் தொழிலிலும் அவர் ஈடுபட்டார்.

நிரப்பப்படாத இடம்: நரேனைத் தவிர ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய மற்றொரு இந்தியர் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் மட்டுமே. அவர் 2010, 2011ஆம் ஆண்டுகளில் மொத்தம் 11 பந்தயங்களில் பங்கேற்றார். 2012ஆம் ஆண்டுக்குப் பின் இந்தியர் எவரும் ஃபார்முலா 1 பந்தயத்தில் களமிறங்கவில்லை. ஜெஹான் தாருவாலா, பெங்களூருவைச் சேர்ந்த குஷ் மைனி ஆகியோர் அதற்கு அடுத்த நிலையான ஃபார்முலா 2 தொடரில் பந்தயங்களை வென்றபோதிலும், முதல்நிலைத் தொடரில் இடம் கிடைக்கவில்லை.

இதற்கிடையே விதிகளும் கடுமையாகியுள்ளன. 2016ஆம் ஆண்டு முதல் ஃபார்முலா 1 உரிமம் பெற, கீழ்நிலைத் தொடர்களில் மூன்று ஆண்டுகளுக்குள் 40 புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். அந்தத் தொடர்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலேயே நடைபெறுவதால், இளம் வயதிலேயே குடும்பத்தைப் பிரிந்து அங்கு செல்வதும், அதற்கான நிதியைத் திரட்டுவதும் இன்றும் தவிர்க்க முடியாதவையாக உள்ளன.

இந்தப் பாதையின் முதல் சில படிகளையேனும் உள்நாட்டில் அமைக்கும் முயற்சிகள் தொடங்கியுள்ளன. 2022ஆம் ஆண்டு தொடங்கிய இந்தியன் ரேசிங் லீக் தொடரில் ஹைதராபாத் பெயரிலும் ஓர் அணி பங்கேற்றது. ஹுசைன் சாகர் தடத்தின் முதல் கார் பந்தயங்களும் அத்தொடருக்காகவே நடத்தப்பட்டன. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோ மீட்டர் சாலைத் தடத்தில் ஃபார்முலா 4 பந்தயங்கள் இரவில் நடைபெற்றன.

ஹைதராபாத் பந்தயத்தின் முடிவு இதில் உள்ள சிக்கலை உணர்த்துகிறது. 2023ஆம் ஆண்டு ஏரிக்கரையில் மாற்று ஓட்டுநராக இருந்த ஜெஹான் தாருவாலா, அடுத்த பருவத்தில் மசெராட்டி அணியின் முழுநேர ஓட்டுநரானார். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி ஹைதராபாத்தில் இரண்டாவது பந்தயம் நடைபெற வேண்டியிருந்தது. ஆட்சி மாற்றத்தைத் தொடர்ந்து, ஜனவரி மாதத்தில் அப்பந்தயம் ரத்து செய்யப்படுவதாக அறிவிக்கப்பட்டது. முதல் ஆண்டில் பந்தயம் இருந்தது, இந்திய ஓட்டுநர் இல்லை. இரண்டாம் ஆண்டில் இந்திய ஓட்டுநர் இருந்தார், பந்தயம் இல்லை.

இவ்விரண்டும் ஃபார்முலா 1 தொடரில் ஒன்றாக அமைந்தது 2011, 2012ஆம் ஆண்டுகளின் இந்திய கிராண்ட் பிரிக்ஸ் பந்தயங்களில் மட்டுமே. அந்த இரு முறையும் இந்திய ரசிகர்கள் தங்கள் நாட்டுத் தடத்தில் கண்ட ஒரே இந்திய ஓட்டுநர், ஸ்ரீபெரும்புதூரில் மாருதி இன்ஜின் பொருத்திய காரில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் என்பது குறிப்பிடத்தக்கது.